பெயரில் நிற்கும் தாங்கல்: ஈக்காட்டுத்தாங்கலின் நிலமும் நீரும்

சென்னை மாநகரின் தென்மேற்குப் பகுதியில், அடையாற்றின் தென்கரையில் அமைந்துள்ள ஊர் ஈக்காட்டுத்தாங்கல். கத்திப்பாரா சந்திப்பிலிருந்து நூறடிச் சாலை வழியாக வடக்கு நோக்கி வருவோர், ஆற்றுப் பாலத்தை அடைவதற்கு முன் இவ்வூரைக் கடக்கின்றனர். பாலத்துக்கு அப்பால் ஜாபர்கான்பேட்டையும் அசோக் நகரும் உள்ளன. தெற்கே கிண்டித் தொழிற்பேட்டை. தென்மேற்கே பரங்கிமலை. ஊரின் நடுவே இன்று மெட்ரோ ரயில் நிலையம், அலுவலகக் கட்டடங்கள், கடைசல் பட்டறைகள், அச்சகங்கள், அடுக்குமாடி வீடுகள். ஒரு குளத்தையோ ஏரியையோ நினைவூட்டும் காட்சி எதுவும் இல்லை.

ஆனால் ஊரின் பெயரிலேயே ஒரு நீர்நிலை இருக்கிறது. அப்பெயரைப் பிரித்துப் பார்த்தால் ஈக்காடு, தாங்கல் என இரு சொற்கள் கிடைக்கும். முன்சொல் காட்டில் முடிகிறது. பின்சொல் நீரைக் குறிக்கிறது. தாங்கல் என்றால் என்ன? இந்த நிலத்தில் அது ஏன் தேவைப்பட்டது? அது மறைந்தபின் என்ன நேர்ந்தது? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டால், ஓர் ஊரின் கதையோடு சென்னை நகரின் நிலவியலும் நமக்கு ஓரளவு விளங்கிவிடும்.

தாங்கல் என்பது யாது?

நீர்நிலைகளுக்குத் தமிழில் பெயர்கள் பல. ஏரி, குளம், கண்மாய், ஏந்தல், ஊருணி, கேணி என ஒவ்வொன்றும் அளவாலும் பயனாலும் வேறுபடும். தொண்டை மண்டலத்தில் வழங்கும் பெயர்களுள் ஒன்று தாங்கல். மழைநீரைத் தாங்கி நிறுத்தும் சிறிய ஏரி என்பது அதன் பொருள். பெரிய ஏரிகளைப் போல ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டி இதற்கு நீர் கொண்டுவர வேண்டுவதில்லை. சுற்றிலும் உள்ள மேட்டு நிலத்தில் பெய்யும் மழை வழிந்து வந்தாலே இது நிறைந்துவிடும்.

இதன் அமைப்பு எளியது. நிலம் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கத்தில் மட்டும் பிறை வடிவில் மண்கரை எழுப்புவார்கள். மேட்டுப் பக்கம் திறந்தே இருக்கும். கரையில் மதகு ஒன்று உண்டு. அதன் வழியே வயலுக்கு நீர் பாயும். ஒரு புறத்தில் கல்லால் கட்டிய கலங்கல் இருக்கும். தாங்கல் நிறைந்ததும் மிகுதி நீர் கரையை உடைக்காமல் கலங்கல் வழியே வழிந்து, கீழே உள்ள அடுத்த ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. கடைசி ஏரியின் மிகுதிதான் ஆற்றில் சேரும். சங்கிலியின் வளையங்கள் போல ஏரிகள் இவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்திருந்தன.

சென்னையைச் சுற்றித் 'தாங்கல்' என முடியும் ஊர்கள் பல உள்ளன. பழவந்தாங்கல், ஐயப்பந்தாங்கல் ஆகியவை நாம் அன்றாடம் கேட்கும் பெயர்கள். பறவைகளுக்குப் புகழ்பெற்ற வேடந்தாங்கலும் அவ்வகையே. வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரியில் கூடு கட்டும் பறவைகளைச் சுட்டுக் கொல்வதைத் தடுக்க வேண்டி, 1798-இல் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடமிருந்து ஓர் உறுதிப் பத்திரம் பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு நல்ல உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஒரு சிறு தாங்கல் அதன் ஊர் மக்களுக்கு எத்துணை மதிப்புடையதாக இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

நிலம் சொல்லும் காரணம்

இப்பகுதியில் இத்தனை தாங்கல்கள் ஏன் தேவைப்பட்டன? விடை நிலத்திலும் வானத்திலும் இருக்கிறது.

முதலில் பாறையைப் பார்ப்போம். ஈக்காட்டுத்தாங்கலுக்கு அருகே சுமார் 300 அடி உயரம் எழுந்து நிற்கும் பரங்கிமலை, சார்னோக்கைட் என்னும் கடினமான பாறையால் ஆனது. இப்பாறையை ஆராய்ந்த நிலவியல் அறிஞர் தாமஸ் ஹாலண்டு, 1893-இல் இதற்கு அப்பெயரைச் சூட்டினார். கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்பவரின் கல்லறையில் பதிக்கப்பட்ட கல் இதே வகைப் பாறை. பெயரும் அவரிடமிருந்தே வந்தது. பூமியின் ஆழத்தில், மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை இது. வெடிப்புகள் இருந்தாலன்றி நீர் இதனுள் எளிதில் இறங்காது. பாறைக்கு மேலே மழையும் வெயிலும் சிதைத்த மண்ணடுக்கும், ஆற்றோரத்தில் அடையாறு கொணர்ந்து பரப்பிய மணலும் களியும் உள்ளன. நிலத்தடி நீர் பெரும்பாலும் தங்குவது இந்த மேலடுக்கில்தான். அது ஆழமற்ற பாத்திரம் போன்றது. விரைவில் நிறையும், விரைவில் வற்றும்.

அடுத்தது சரிவு. பரங்கிமலையை விட்டுக் கீழே இறங்கினால் எங்கும் சமவெளி. இதன் சமத்தன்மையே உலகப் புகழ்பெற்ற ஒரு பணிக்கு இடமாயிற்று. இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த மாபெரும் நில அளவைக்கு, வில்லியம் லாம்ப்டன் 10-4-1802 அன்று இங்கேதான் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். பரங்கிமலைப் பகுதியிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏறத்தாழ ஏழரை மைல் தூரத்தை, நூறடிச் சங்கிலியை ஏறக்குறைய 400 முறை நீட்டி வைத்து அளந்தார். கோணல் மாணலான நிலத்தில் இப்படி நேராக அளப்பது அரிது.

அளப்பவருக்கு வசதியான சமவெளி, நீருக்கு வசதியானதன்று. செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்திருக்கும்போது அதன் நீர்மட்டம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 26 மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து கடலோ 25 கிலோமீட்டருக்கும் அப்பால். அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர்தான் இறக்கம். பத்தடி நீளமுள்ள ஒரு பலகையின் ஒரு முனையை மூன்று மில்லிமீட்டர் மட்டும் தூக்கி வைத்து, அதன்மேல் நீரை ஊற்றிப் பாருங்கள். நீர் நேராக ஓடாமல் நாலா பக்கமும் பரவுவதைக் காண்பீர்கள். அடையாற்றுச் சமவெளியின் இயல்பும் அதுவே.

மூன்றாவது காரணம் மழை. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 140 சென்டிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. இது குறைவான மழையன்று. ஆனால் அதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் வந்துவிடுகிறது. அதுவும் சீராக வருவதில்லை. வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்களும் புயல்களும் சில நாட்களிலேயே கொட்டித் தீர்த்துவிடும். பின் மாதக்கணக்கில் வெயில்.

இம்மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். நீர் எளிதில் இறங்காத பாறை, விரைந்து வடியாத சமவெளி, ஒரே சமயத்தில் கொட்டும் மழை. இத்தகைய நிலத்தில் வாழ ஒரே வழி, வந்த நீரை வந்த இடத்திலேயே பிடித்துவைத்து மெல்ல விடுவது. தாங்கல் அந்த வேலையைச் செய்தது.

ஏரியால் வாழ்ந்த நாடு

பண்டைக் காலத்தில் தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அவற்றுள் புலியூர்க் கோட்டம் இப்பகுதியைச் சேர்ந்தது. சேக்கிழார் பிறந்த குன்றத்தூரும் அக்கோட்டத்து ஊரே. காவிரி போன்ற பேராறு இல்லாத நாடாகையால், இங்கே நெல் விளைந்தது ஏரிகளை நம்பித்தான்.

1763-இல் ஆர்க்காட்டு நவாப் செங்கற்பட்டுப் பகுதியை ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். தமக்குக் கிடைத்தது என்ன என்பதை அறிய விரும்பிய கம்பெனியார், தாமஸ் பார்னார்டு என்னும் பொறியாளரைக் கொண்டு 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்தனர். எத்தனை வீடுகள், எவ்வளவு நன்செய், எவ்வளவு புன்செய் என்பவற்றோடு ஏரிகளும் குளங்களும் கணக்கில் ஏறின. வருவாய்க்கு நெல் வேண்டும். நெல்லுக்கு ஏரி வேண்டும். எனவே ஏரிக் கணக்கு அரசுக் கணக்காயிற்று. ஏரியைத் தூர் வாருவதும் கரையை உயர்த்துவதும் ஊர் மக்கள் கூடிச் செய்யும் பணியாக இருந்தன. அதனைக் குடிமராமத்து என்றனர்.

ஆற்றைக் கடப்பதும் அக்காலத்தில் ஒரு சிக்கலே. கோட்டைக்கும் பரங்கிமலைக்கும் இடையே அடையாறு குறுக்கிட்டது. ஆர்மீனிய வணிகரான கோஜா பெட்ரஸ் உஸ்கான், 1726-இல் தம் சொந்தச் செலவில் சைதாப்பேட்டையில் ஒரு பாலம் கட்டினார். ஈக்காட்டுத்தாங்கலுக்குச் சற்றுக் கீழே, அதே இடத்தில் இன்று நிற்பது மறைமலை அடிகள் பாலம்.

ஏரி மனையாகிறது

நகரம் வளர வளர, நெல்லைவிட நிலத்துக்கு விலை ஏறியது. இதன் பெரிய எடுத்துக்காட்டு, ஆற்றுக்கு வடக்கே இருந்த நெடிய ஏரி. நுங்கம்பாக்கம் தொடங்கி மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை அது நீண்டு கிடந்தது. 1920-களில் அவ்வேரியின் மாம்பலம் பகுதி வடிக்கப்பட்டுத் தியாகராய நகர் உருவானது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என ஒரு தெரு இன்றும் உண்டு. ஏரியைப் பார்த்தபடி இருந்த தெருவுக்கு இப்போது பார்க்க ஏரி இல்லை. நுங்கம்பாக்கம் பகுதியில் எஞ்சியிருந்த ஏரி நிலத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது.

ஆற்றுக்குத் தெற்கே மாற்றத்தைக் கொணர்ந்தது தொழில். 1958-இல் கிண்டித் தொழிற்பேட்டை தொடங்கப்பட்டது. சிறு தொழில் செய்வோருக்குக் கொட்டகை, மின்சாரம், சாலை ஆகியவற்றை அரசே அமைத்துக் கொடுத்த திட்டம் அது. அதையொட்டிய ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறைகள் பெருகின. அவற்றில் வேலை செய்வோரின் குடியிருப்புகளும் பெருகின. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இவ்வளர்ச்சி சோறு போட்டது. இதை மறந்து வெறும் ஏரிக்காக மட்டும் வருந்துவது நியாயமாகாது. பின்னர் நூறடிச் சாலையும், கணிப்பொறி நிறுவனங்களும், தொலைக்காட்சி நிலையங்களும் வந்தன. கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரையிலான சென்னையின் முதல் மெட்ரோ ரயில் பாதை 29-6-2015 அன்று திறக்கப்பட்டபோது, ஈக்காட்டுத்தாங்கலும் ஒரு நிலையமாயிற்று.

அதற்கு ஐந்து மாதங்களுக்குப் பின் ஆறு ஊருக்குள் வந்தது.

2015 டிசம்பர்

அவ்வாண்டு நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் மட்டும் 104.9 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் காணாத நவம்பர் மழை அது. ஏரிகள் நிறைந்தன, மண் நீரை உறிஞ்சி உறிஞ்சி ஊறிப்போயிற்று. அந்நிலையில் டிசம்பர் முதல் நாள் மீண்டும் பெருமழை கொட்டியது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பெய்தன.

செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அதனுடன் ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் மிகுதி நீரும் தாம்பரம் பக்கத்து வெள்ளமும் சேர்ந்தன. சுமார் 42 கிலோமீட்டர் நீளமே உள்ள சிறிய ஆறு அடையாறு. ஆண்டின் பெரும்பகுதி அதில் ஓடுவது கழிவுநீர். அத்தகைய ஆற்றில் அந்த ஓரிரவில் பேராற்றின் வெள்ளம் புரண்டது. மணப்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எனக் கரையோர ஊர்கள் வரிசையாக மூழ்கின. விமான நிலையம் பல நாட்கள் மூடப்பட்டது. தொழிற்கூடங்களில் எந்திரங்கள் நீரில் கிடந்தன. அப்பருவத்தில் தமிழகத்தில் மாண்டோர் 400-க்கும் மேற்பட்டோர். ஏரி நீர் திறக்கப்பட்ட முறையில் குறைகள் இருந்தன என்று, 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை கூறியது.

தாங்கல் இருந்திருந்தால்?

தாங்கல்கள் அழியாமல் இருந்திருந்தால் 2015-இன் வெள்ளம் வந்தே இராது என்று சிலர் கூறுவதுண்டு. இது சரியா? நாமே கணக்கிட்டுப் பார்ப்போம்.

20 ஹெக்டேர் பரப்பும் சராசரியாக ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள ஒரு தாங்கலை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 3 லட்சம் கன மீட்டர், அதாவது 30 கோடி லிட்டர். வினாடிக்கு 29,000 கன அடி என்பது வினாடிக்குச் சுமார் 8.2 லட்சம் லிட்டர். அந்த வேகத்தில் நம் தாங்கல் நிறைய எவ்வளவு நேரம் ஆகும்? ஆறே நிமிடங்கள்! ஆற்றில் வரும் பெருவெள்ளத்தை ஒரு தாங்கலால் நிறுத்த முடியாது என்பது இதனால் தெளிவு.

அப்படியானால் தாங்கலால் பயன் என்ன? கணக்கை வேறு வகையில் போடுவோம். அத்தாங்கலுக்கு நீர் தரும் சுற்றுப்புற நிலம் 2 சதுர கிலோமீட்டர் என்க. அங்கே ஒரே நாளில் 15 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு சொட்டும் மண்ணில் இறங்காமல் அனைத்தும் ஓடி வந்தாலும் மொத்தம் 3 லட்சம் கன மீட்டர்தான். தாங்கல் காலியாக இருந்தால், அந்த நாளின் மழை முழுவதையும் அதுவே வாங்கிக்கொள்ளும். அங்கிருந்து ஒரு குடம் நீர்கூட ஆற்றுக்குப் போகாது.

ஆகவே தாங்கல் ஆற்று வெள்ளத்தைத் தாங்காது; தன் ஊர் மழையைத் தாங்கும். ஆற்றின் மேற்பகுதியிலிருந்து கடல் வரை ஒவ்வோர் ஊரும் தன் மழையைத் தானே தாங்கிக்கொண்டால், ஆற்றின் சுமை பெரிதும் குறையும். 2015 போல முன்பே எல்லாம் நிறைந்துவிட்ட நாளில் தாங்கல்களும் வழியத்தான் செய்யும். ஆயினும் கலங்கல் கலங்கலாகத் தாமதித்து வரும் நீர் ஒரே நேரத்தில் பாயாது. இன்றோ கூரையிலும் தாரிலும் சிமெண்டிலும் விழும் மழை, வடிகால் வழியே சில மணி நேரத்தில் ஆற்றை அடைகிறது. வடிகாலை அகலப்படுத்தினால் தெரு விரைவில் காய்கிறது. ஆறு விரைவில் நிறைகிறது. ஆற்றங்கரையில் இருக்கும் ஈக்காட்டுத்தாங்கல் போன்ற ஊர்கள் தம் மழையோடு மற்ற ஊர்களின் மழையையும் சேர்த்துச் சுமக்கின்றன.

வெள்ளத்திற்கு மறுபக்கம் வறட்சி. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் ஏறத்தாழ முற்றிலும் வறண்டன. ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்து சேர்ந்தது. ஒரு ரயிலில் வந்தது 25 லட்சம் லிட்டர். நம் கற்பனைத் தாங்கலின் 30 கோடி லிட்டரை அதனால் வகுத்துப் பாருங்கள். ஒரு தாங்கல் 120 ரயில்களுக்குச் சமம்! அதில் ஒரு பகுதி வெயிலில் ஆவியாகிவிடும் என்பது உண்மையே. ஆனால் இன்னொரு பகுதி, மேலே நாம் கண்ட ஆழமற்ற மண்பாத்திரத்தில் மெல்ல இறங்கிக் கிணறுகளை ஊறச் செய்யும்.

இனி என்ன?

கட்டிய வீடுகளை இடித்து எல்லாத் தாங்கல்களையும் மீட்பது நடவாத செயல். ஆனால் தாங்கலின் வேலையை வேறு வடிவங்களில் செய்ய முடியும். 2003-இல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. ஒவ்வொரு வீட்டுக் கூரையையும் ஒரு சிறு தாங்கலாக மாற்றும் முயற்சி அது. நூறு சதுர மீட்டர் மொட்டை மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் கிடைக்கும். 2024-இல், ஈக்காட்டுத்தாங்கலுக்கு அருகே கிண்டி குதிரைப் பந்தயத் திடல் நிலத்தில் மாநகராட்சி மழைநீருக்கெனக் குளங்களை வெட்டியது. ஏரியைத் தூர்த்து மனையாக்கிய நகரம் திடலைத் தோண்டிக் குளமாக்கியது குறிப்பிடத்தக்க திருப்பம்.

வெள்ளத்தின் சுமை எல்லார்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை என்பதையும் மறக்கலாகாது. 2015-க்குப் பின் ஆற்றங்கரைக் குடிசைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. அன்று லாம்ப்டனின் அடிக்கோடு முடிந்த அதே பெரும்பாக்கம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்ந்த பகுதி அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, பள்ளிக்கரணையைச் சுற்றிய தாழ்நிலங்களிலும் நீர் சூழ்ந்து நின்றது. நீர் வரும் ஓர் இடத்திலிருந்து நீர் நிற்கும் மற்றோர் இடத்துக்கு மக்களை அனுப்புவது எந்த அளவுக்குத் தீர்வாகும் என்பது சிந்திக்க வேண்டிய கேள்வி.

மாணவர்கள் எளிதாகச் செய்யக்கூடிய ஓர் ஆய்வு உண்டு. உங்கள் ஊரின் பெயரும் தெருக்களின் பெயர்களும் ஏரி, தாங்கல், ஏந்தல், குளம், மதகு, கலங்கல் ஆகியவற்றுள் எதையேனும் குறிக்கின்றனவா என்று பட்டியலிடுங்கள். அடுத்த பெருமழையின்போது தெருவில் நீர் எந்தத் திசையில் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று குறித்து, அதை ஒரு வரைபடத்தில் அம்புக் குறிகளால் காட்டுங்கள். ஊரின் முதியவர்களிடம் பழைய ஏரி எங்கே இருந்தது என்று கேட்டு அதையும் அதே படத்தில் வரையுங்கள். அம்புகள் போய் முடியும் இடமும் முதியவர்கள் காட்டும் இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். நிலத்தின் மேடு பள்ளத்தை நாம் மறந்தாலும் நீர் மறப்பதில்லை.